பெட்டிக்குள் என்ன பலகை?

மறைமலை நகரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு தெருவிலிருந்து ரம்பச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ஜி.எஸ்.டி. சாலையோரம் மனை பிரித்து உருவாக்கிய துணை நகரம் இது. தொடக்க காலத்தில் கட்டிய வீடுகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது ஆகிறது. அவற்றைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது சமையலறையில்தான்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தோம். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் சிவப்புக் கதவுகளைக் கடையில் பார்த்து மயங்கி, முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம். மூன்றாவது மழைக்காலத்தில் சிங்க்குக்குக் கீழே இருந்த பலகை, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பியது. ஒருநாள் பாத்திரம் எடுக்கத் திறந்தபோது கீல் பிடுங்கிக்கொண்டு கதவு கையோடு வந்துவிட்டது. கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை. அது மாட்டியிருந்த பெட்டிதான் உளுத்துப்போயிருந்தது.

அன்று புரிந்ததுதான் இந்தக் கட்டுரையின் சாரம். சமையலறை அலமாரியின் ஆயுள் பெட்டியிலும், அதன் பலகையிலும், பலகையின் ஓரத்திலும், கீலிலும் இருக்கிறது. நாம் காசு கொடுப்பதோ கதவைப் பார்த்து.

இதை இந்த வட்டாரத்தில் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர், மகேந்திரா சிட்டி என்று நீளும் இந்தப் பகுதியில் எத்தனையோ வீடுகளில் ஒருவராவது ஆலை வேலைக்குப் போகிறார். வந்திறங்கிய உதிரிபாகத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து, டிராயிங்கோடு ஒப்பிட்டு, அரை மில்லிமீட்டர் கூடினால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிறவர்கள் அவர்கள். அந்தக் கண்ணைத் தன் வீட்டுச் சமையலறைக்கு மட்டும் அவர்கள் கொண்டுவருவதில்லை.

கடப்பாவிலிருந்து மாடுலர் வரை

நின்றுகொண்டு சமைக்கும் மேடையும், அளவெடுத்துப் பொருத்திய அலமாரிகளும் நம் ஊருக்கு வந்தது அண்மைக் காலத்தில்தான். உலக அளவில் இதற்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது 'பிராங்பர்ட் சமையலறை'. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் எழுந்த பொதுக் குடியிருப்புகளுக்காக, ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் அதை வடிவமைத்தார். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதை எட்டி எடுக்கிறார் என்று ஆலை வேலையைக் கணக்கிடுவதுபோலக் கணக்கிட்டு வரைந்த அறை அது. சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். இன்று 'மாடுலர் கிச்சன்' என்று நாம் சொல்வது அதன் வழிவந்ததுதான்.

நம் பக்கம் அதற்கு இணையாக ஒன்று இருந்தது. கொத்தனார் செங்கல் தடுப்பு கட்டி, நடுவில் கடப்பா பலகைக் கல்லைச் செருகி, மேலே மேடை போட்டுவிடுவார். ஆந்திராவின் கடப்பா பகுதியிலிருந்து வரும் கருஞ்சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல் அது. புளியும் எலுமிச்சையும் பட்டால் கறை பிடிக்கும், ஆனால் தண்ணீரில் ஊறி உப்பாது, கரையான் தொடாது, 25 கிலோ அரிசி மூட்டையை வைத்தாலும் அசையாது. மறைமலை நகரின் பழைய வீடுகளில் இந்தத் தடுப்புகள் இன்றும் உறுதியாக நிற்பதைப் பார்க்கலாம்.

புதுப்பிக்க வருகிறவர் முதலில் சொல்வது, "இதையெல்லாம் இடிச்சிடலாம் சார்" என்பது. அந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கல்லும் செங்கல்லும் நல்ல நிலையில் இருந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருப்பதுதான் ஈரத்துக்கு அஞ்சாத பெட்டி. அதை இடித்துவிட்டு அதைவிட மட்டமான பலகையைக் காசு கொடுத்து வாங்குவதில் பொருளில்லை. தடுப்புகளை நேர்செய்து டைல் ஒட்டி, முன்பக்கம் சட்டமும் கதவும் மாட்டி, தேவையான இடத்தில் இழுப்பறை பொருத்தினால் போதும். இதைச் செய்து கொடுக்கும் ஆசாரிகள் இருக்கிறார்கள். கடைக்காரர்கள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

பிளைவுட்: முத்திரைக்குக் கீழே உள்ள எண்

புதிதாகப் பெட்டி செய்வதென்றால் முதல் கேள்வி பலகை. பிளைவுட் என்பது மெல்லிய மர ஏடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கிப் பசை போட்டு அழுத்தியது. அடுக்குகளின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படையில் இருக்கும்.

அந்த ஏடு எந்த மரத்திலிருந்து வருகிறது என்பதற்குப் பின்னால் நம் மாநிலத்தோடு தொடர்புள்ள ஒரு வரலாறு இருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகள் அழிவதை எதிர்த்து, நிலம்பூரைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாட் 1995இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் பிறப்பித்த ஆணை நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. வடகிழக்கு மாநிலங்களின் காட்டு மரத்தை நம்பியிருந்த பிளைவுட் தொழில் ஆட்டம் கண்டது. அதற்குப் பிறகு அரியானாவின் யமுனா நகரில் பாப்ளர், தைல மரத்தையும், கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரத்தையும் நம்பி இந்தத் தொழில் பெருகியது. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி மலைவேம்பை உழவர்களிடம் பரப்பியதற்கும் பிளைவுட் ஆலைகளின் தேவை ஒரு முக்கியக் காரணம். காடு பிழைத்தது, உழவருக்கும் வருமானம் வந்தது. ஆனால் வாங்குகிறவர் பலகையைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியதாயிற்று. சீக்கிரம் வளரும் மென்மரத்தில் ஆன பலகைக்கு உயிர் கொடுப்பது பசைதான்.

கடையில் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., பி.டபிள்யூ.பி. என்று மூன்று பெயர்கள் புழங்குகின்றன. எம்.ஆர். என்பது ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். அது படுக்கையறை அலமாரிக்குச் சரி, சிங்க்குக்குக் கீழே ஆகாது. பி.டபிள்யூ.ஆர். கொதிநீரை ஓரளவு எதிர்ப்பது. பி.டபிள்யூ.பி. என்று விற்கப்படுவதில் நம்பத் தகுந்தது ஐ.எஸ். 710 என்ற தர எண்ணுள்ள மரைன் பிளைவுட். ஃபீனால் வகைப் பசையில் ஒட்டிய அந்தப் பலகையின் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் அடுக்கு பிரியக் கூடாது என்பது விதி. பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கு உரிய எண் ஐ.எஸ். 303.

"வாட்டர்ப்ரூஃப்", "ஆயுள் உத்தரவாதம்" என்று பலகையில் அச்சடித்திருப்பதை நம்பி இறங்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். அதன் மேலே தர எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த உரிம எண்ணைத் தட்டினால், அது எந்த ஆலையுடையது, எந்தப் பொருளுக்கானது, உயிரோடு இருக்கிறதா என்று நொடியில் தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை இது.

எண் சரியாக இருந்தால் பலகையைச் சோதிக்கலாம். எட்டுக்கு நான்கு அடி, 18 மி.மீ. கனமுள்ள நல்ல பிளைவுட் ஷீட் சுமார் 32 முதல் 37 கிலோ எடை இருக்கும். மிகவும் லேசாக இருந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கலாம். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் பொந்து உள்ள இடத்தில் சத்தம் மாறும். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் ஏடுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்று தெரியும். கனத்தை நான்கு மூலையிலும் அளக்க வேண்டும். 18 என்று விற்கும் பலகை 16 இருப்பது உண்டு.

என் நண்பர் ஒருவர் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். தன் வீட்டு வேலைக்காக மூன்று கடைகளில் மாதிரித் துண்டு வாங்கி வந்தார். ஒவ்வொன்றின் கனத்தையும் வெர்னியரில் அளந்து பென்சிலால் அதன்மேலேயே குறித்தார். உபயோகமில்லாத பழைய இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றி, மொட்டை மாடியில் அடுப்பு வைத்து, காலையிலிருந்து மாலைவரை கொதிக்க விட்டார். ஒரு துண்டு பலாச் சுளை போல அடுக்கடுக்காக விரிந்தது. இன்னொன்று ஓரத்தில் மட்டும் வாய் பிளந்தது. மூன்றாவது நிறம் மங்கியதோடு சரி. ஐ.எஸ். சோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் எந்தக் கடையில் பணம் கட்டுவது என்று அவருக்கு அதற்குமேல் குழப்பமில்லை.

மற்ற பலகைகள்

நம் வீடுகளில் 'நோவாபான்' என்ற பெயரில் தெரிந்த பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளையும் சிம்புகளையும் பசையோடு அழுத்தியது. விலை குறைவு, பார்க்க நேர்த்தி. தண்ணீர் ஓரத்தில் இறங்கிவிட்டால் உப்பும், உப்பியது திரும்பி அமராது. ஸ்குரூவை ஒருமுறை கழற்றி மாட்டினால் பிடிமானம் போய்விடும். எங்கள் வீட்டுச் சிங்க்குக்குக் கீழே இருந்தது இதுதான். சமையலறையில் இதற்கு இடமே இல்லை என்பது என் கருத்து.

எம்.டி.எஃப். மர இழைகளால் ஆனது. அதையே அடர்த்தி கூட்டி, ஈரம் தாங்கும் பசை போட்டுச் செய்வது எச்.டி.எச்.எம்.ஆர். பச்சையாக இருக்கும் பலகையைக் காட்டி "இது தண்ணி புடிக்காது" என்பார்கள். பச்சை வெறும் சாயம்தான், தரத்துக்கு அது அத்தாட்சி ஆகாது. நல்ல எச்.டி.எச்.எம்.ஆர். கதவுக்குப் பொருத்தமானது. பரப்பு வழவழப்பாக இருப்பதால் லேமினேட் அழகாக உட்காரும், எளிதில் வளையாது.

பி.வி.சி., டபிள்யூ.பி.சி. பலகைகள் இப்போது நம் ஊரில் பரவலாகக் கிடைக்கின்றன. கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் சூடு ஆகாது, அடுப்பை ஒட்டிய இடத்தில் இளகி வளையும். ஸ்குரூ பிடிமானமும் பிளைவுட் அளவுக்கு வராது. பலகையின் அடர்த்தியைக் கேட்டு வாங்குங்கள். லேசான நுரைப் பலகையில் கனமான கதவு நிற்காது.

அலுமினியச் சட்டத்தில் ஷீட் பொருத்தும் கபோர்டு சிக்கனமானது, ஈரத்துக்கு நல்லது. மூலைகள் ஆட்டம் காணாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். துருப்பிடிக்காத எஃகுப் பெட்டி நீண்ட காலம் உழைக்கும், விலையும் அதற்கேற்பக் கூடும். 304 என்ற ரகத்தில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். மலிவான 202 ரகம் அந்த அளவுக்குத் துருவை எதிர்க்காது.

மரப்பலகை எதுவானாலும் ஒரு கேள்வி உண்டு. பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசியும். புது அலமாரியைத் திறந்தால் கண்ணை எரிக்கும் அந்த நெடி அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. இ1 அல்லது இ0 என்று குறிப்பிட்ட பலகையைக் கேளுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம். வேலை முடிந்ததும் சில வாரங்கள் அலமாரிகளையும் ஜன்னல்களையும் திறந்தே வையுங்கள்.

ஓரமும் கீலும்

நல்ல பலகையும் ஓரம் மூடாவிட்டால் கெடும். தண்ணீர் உள்ளே இறங்குவது வெட்டிய விளிம்பு வழியாகத்தான். கையால் பசை தடவி ஒட்டிய பட்டை இரண்டு மழைக்காலத்தில் நாக்கை நீட்டும். இயந்திரத்தில் சூடாக்கி ஒட்டிய எட்ஜ் பேண்ட் நிற்கும். கண்ணுக்குத் தெரியும் ஓரத்துக்கு 2 மி.மீ., மற்றவற்றுக்கு 0.8 மி.மீ. பட்டை நல்லது. நம் கண் போகாத ஓரங்களில்தான் ஏமாற்று நடக்கும். பெட்டியின் அடிப்பக்கம், பின்பக்கம், சிங்க் குழாய்க்காகத் துளைத்த வட்டம் இவற்றைக் குனிந்து பாருங்கள், கை விட்டுத் தடவிப் பாருங்கள். லேமினேட்டைப் பலகையின் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கதவு வளையும்.

அடுத்து கீல். ஒரு கதவை நாளைக்கு 20 தடவை திறந்தால் ஆண்டுக்கு 7,300 தடவை, பத்தாண்டில் 73,000 தடவை. பேர்பெற்ற கீல் நிறுவனங்கள் தங்கள் கீலை எத்தனை ஆயிரம் தடவை திறந்து மூடிச் சோதித்தோம் என்று எழுதியே தருகின்றன. அந்த எண்ணைக் கேட்டு வாங்கலாம். "சாஃப்ட் குளோஸ் சார்" என்று மட்டும் சொன்னால் விட்டுவிடாதீர்கள், எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எழுதி வாங்குங்கள். இழுப்பறைச் சேனலுக்கு எத்தனை கிலோ தாங்கும் என்று ஓர் எண் உண்டு. குக்கரும் இரும்புச் சட்டியும் வைக்கும் இழுப்பறைக்கு அந்த எண் முக்கியம்.

தட்டு தொய்வது பற்றி ஒரு கணக்கு. அடிக்கு ஒரே அளவு பாரம் என்று வைத்துக்கொண்டால், தட்டின் நீளம் இரட்டிப்பானால் தொய்வு 16 மடங்காகும். கனம் இரட்டிப்பானால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். மூன்றடி அகலப் பெட்டியில் மளிகை டப்பா அடுக்கப்போகிறீர்கள் என்றால் நடுவில் ஒரு தாங்கு கேளுங்கள்.

உயரம், கிரைண்டர், சிலிண்டர்

வெளிநாட்டு வரைபடத்தில் வரும் மேடை நம் பெண்களுக்கு உயரமாகிவிடும். சமைப்பவரின் முழங்கை உயரத்துக்கு ஏறத்தாழ நான்கு அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். ஐந்தடி உயரமுள்ளவருக்கு அது 33, 34 அங்குலத்தில் வரும். மாடுலர் பெட்டியின் வழக்கமான உயரம் 720 மி.மீ. அதற்குக் கீழே நான்கு அங்குலக் கால், மேலே கிரானைட் கல் என்று கணக்குப் போட்டால் சரியாக அமையும். ஆறு அங்குலக் கால் போட்டால் தோள் வலிக்கும். அளவெடுக்க வருகிறவர் முன்னால் வீட்டில் தினமும் சமைப்பவரை நிற்க வைத்து அளக்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் அளவெடுக்கும்போது பேசுவது சமைக்காதவர்கள்தான்.

கிரானைட் கல் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ. பத்தடிக்கு இரண்டடி மேடை 100 கிலோ. அதன்மேல் கிரைண்டர் ஓடினால் அதிர்வும் சேரும். கிரைண்டருக்கு மேடைக்குக் கீழே திறந்த தாழ்வான இடம் விடுவது நல்லது. மாவு வழிந்தாலும் கழுவலாம், கல்லைத் தூக்கி இடுப்பு பிடிக்காது.

சிலிண்டர் விஷயத்தில் சமரசம் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கும். அழகுக்காகச் சிலிண்டரை மூடிய பெட்டிக்குள் வைத்தால், தங்கிய வாயுவுக்கு ஒரு பொறி போதும். உள்ளே வைத்தே ஆக வேண்டுமென்றால் பெட்டியின் அடியில் காற்றோட்டத்துக்குப் பெரிய திறப்பு வேண்டும், அது வெளிக்காற்றோடு சேர வேண்டும். முடிந்தால் சிலிண்டரைச் சுவருக்கு வெளியே வைத்து, முறையான குழாய் இழுப்பதே பாதுகாப்பு.

ஆசாரியா, கம்பெனியா?

இரண்டிலும் நல்லவர்களும் இருக்கிறார்கள், ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆசாரியிடம் செய்தால் பலகை உங்கள் கண் முன்னால் வருகிறது, முத்திரையை நீங்களே பார்க்கலாம், சுவர் கோணலாக இருந்தாலும் அதற்கேற்ப இழைத்து உட்கார வைப்பார். கம்பெனியில் அளவு துல்லியமாக இருக்கும், ஓரம் இயந்திரத்தில் ஒட்டப்படும், வீட்டில் தூசி குறையும். ஆனால் பெட்டி லேமினேட் ஒட்டி மூடி வந்துவிடுவதால் உள்ளே என்ன பலகை என்று தெரியாது. அதனால் ஒட்டுவதற்கு முன்பே பட்டறைக்குப் போய் ஷீட்டைப் பார்ப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறுக்கிறவரை விட்டு வேறொருவரைத் தேடுங்கள்.

விலையைச் சதுர அடியில் சொல்வார்கள். எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். பத்தடி நீளப் பெட்டியின் முகப்பை மட்டும் அளந்தால் 720 மி.மீ. உயரத்துக்கு ஏறத்தாழ 23.6 சதுர அடி. தரையிலிருந்து மேடை வரை 2.8 அடி என்று அளந்தால் அதே வேலை 28 சதுர அடி ஆகிவிடும். ஒருவர் விலை குறைவாகத் தெரிவது அளவின் வித்தையாக இருக்கலாம். கீல், சேனல், கூடை, ஜி.எஸ்.டி. வரி எல்லாம் சேர்த்தா தனியா என்பதையும் எழுதி வாங்கிய பிறகுதான் இரண்டு விலையை ஒப்பிட முடியும்.

கொட்டேஷனில் பலகையின் ஐ.எஸ். எண், கனம், நிறுவனம், லேமினேட் கனம், எட்ஜ் பேண்ட், கீல் மாடல், உத்தரவாதம் எதற்கு, எத்தனை ஆண்டு என்பவை இருக்க வேண்டும். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணையைப் பொருத்தி முடித்துச் சரிபார்த்த பின்னரே கொடுங்கள். பில் வாங்காமல் வேலை முடிக்காதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை தெரிந்த இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எங்களிடம் கதவின் நிறம் மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டுதான் இருந்தது. அதை வைத்து யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

முடிவாக

எல்லாப் பெட்டிக்கும் ஒரே பலகை என்று பணத்தைக் கொட்டத் தேவையில்லை. சிங்க்குக்குக் கீழும் தரைப் பெட்டிகளுக்கும் கடப்பா இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஐ.எஸ். 710 பிளைவுட் அல்லது அடர்த்தியான பி.வி.சி. போதும். தண்ணீர் புகும் தாழ்வான தெருவென்றால் பி.வி.சி.யோ எஃகோ நல்லது. மேல் அலமாரிகளுக்கு பி.டபிள்யூ.ஆர். போதும். கதவுக்கு நல்ல எச்.டி.எச்.எம்.ஆரோ பிளைவுட்டோ பொருந்தும். பணம் பற்றாவிட்டால் கதவின் பளபளப்பில் குறையுங்கள், கீலிலும் ஓரத்திலும் குறைக்காதீர்கள்.

ஆலையில் நாம் சரிபார்க்கும் உதிரிபாகம் யாரோ ஒருவரின் காரில் போய்ச் சேருகிறது. சமையலறைப் பலகை நம் வீட்டில், நம் அம்மாவும் மனைவியும் மகளும் நாமும் தினமும் கை வைக்கும் இடத்தில் இருக்கப்போகிறது. அடுத்த ஞாயிறு கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு வெர்னியரை எடுத்துச் செல்லுங்கள். கதவைத் தடவிப் பார்ப்பதற்கு முன் பெட்டியின் அடிப்பலகையைக் காட்டச் சொல்லுங்கள்.